பாப்பாவின் மணிக்கட்டு வலியும் ராத்திரிச் சோறும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம். என் மகளுக்கு ஒன்பது முடிந்து பத்து நடக்கிறது. இரண்டு வருஷமாக ஈரோட்டுக்குப் போய் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். வாரத்தில் ஆறு நாள், சாயங்காலம் மூன்று மணி நேரம். அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் வீடியோவைப் பார்த்துவிட்டு நானும் இப்படி ஆவேன் என்று வீட்டுக் கட்டில் மேலெல்லாம் தலைகீழாக நிற்கிறாள். ஒன்றரை மாசமாக வலது மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள். மாஸ்டர் கட்டுப் போட்டுக்கொண்டு செய்யச் சொல்கிறார். எடை ஏறினால் பீம் என்கிற குறுகலான கட்டையில் நிற்க முடியாது, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் பால் மட்டும் கொடுங்கள் என்றும் சொல்லிவிட்டார். என் மாமியாரோ, இதனால் வளர்த்தி நின்று போகும், வயசுக்கு வருவதும் தள்ளிப்போகும், அப்புறம் தெரட்டிச் சீர் எப்போது செய்வது என்று தினமும் சத்தம். வீட்டுக்காரர் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறார். அவருக்கு மகளை இப்போதே வெளியூர் அகாடமி ஹாஸ்டலில் விட்டுவிட வேண்டும், விட்டால் வயசு போயிரும் என்ற எண்ணம். அடுத்த மாசம் மாவட்டப் போட்டி வேறு. நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் பாப்பாவின் பேச்சைக் கேளுங்கள். வலிக்கிறது என்று ஒன்றரை மாசமாகச் சொல்கிறாள். மாமியார் கேள்விக்கும் வீட்டுக்காரர் கேள்விக்கும் பின்னால் வருகிறேன், மணிக்கட்டு காத்திருக்காது.

நாளையிலிருந்து அந்தக் கையை ஊன்றி எதுவும் செய்யக் கூடாது. ஹேண்ட்ஸ்டாண்ட், கார்ட்வீல், பேக் வாக்ஓவர், ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாண்டுகிற வால்ட் எதுவும் வேண்டாம், வீட்டுக் கட்டில் வித்தையும் வேண்டாம். இந்த வாரத்துக்குள் எலும்பு டாக்டரிடம் காட்டி இரண்டு மணிக்கட்டுக்கும் எக்ஸ்ரே எடுங்கள். வலிக்காத கைக்கும் எதற்கு என்று கேட்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்கத்தான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் நடப்பது காலில், அதனால் கால் எலும்புகள் பாரம் தாங்கிப் பழகியவை. இந்த விளையாட்டில் கையும் காலாகிவிடுகிறது. குட்டிக்கரணத்தில் கை தரையில் அடிக்கும்போது உடம்பு எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான பாரம் மணிக்கட்டில் இறங்கும், அதில் சுமார் 80 சதவீதத்தைக் கட்டைவிரல் பக்கத்து எலும்புதான் வாங்குகிறது. அந்த எலும்பு முடியும் இடத்தில் குழந்தைகளுக்கு ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கிறது. இன்னும் முழுக்க எலும்பாகாத குருத்து அது, எலும்பு நீளுவதே அந்த இடத்தில்தான். ஓய்வில்லாமல் அடி வாங்கினால் அது நொந்துபோய் விரியும். அப்படியும் விடாமல் அடித்தால் சில பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு சீக்கிரமே மூடிக்கொள்ளும், பக்கத்து எலும்பு மட்டும் நீண்டுகொண்டே போகும், பெரியவளான பிறகு மணிக்கட்டுத் தகராறு ஆயுசுக்கும் கூட வரும். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளிடம் இது அபூர்வமான விஷயம் இல்லைங்க, நான் அடிக்கடி பார்க்கிறேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வலி இருந்தால் சில வாரம் ஓய்வு வேண்டும். மாற்றம் தெரிந்தால் மூன்று மாதம்கூட ஆகலாம். ஆனால் சரியான நேரத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகிவிடும், அந்த மட்டில் நிம்மதியாக இருங்கள். கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்வது, வலி மாத்திரை போட்டுவிட்டுத் தொடர்வது, இரண்டும் கூடாது. ஓய்வு என்றால் வீட்டில் அடைத்துப் போடுவதும் இல்லை. ஸ்பிளிட், கால் வலு, வயிற்றுத் தசை, தாளத்துக்கு நடன அசைவு, பீமில் நடை, தரையில் கோடு போட்டுத் திரும்பல் என்று கை ஊன்றாமல் செய்ய எவ்வளவோ இருக்கிறது. நல்ல மாஸ்டராக இருந்தால் இதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருப்பார். அப்புறம், பின்பக்கம் வளையும்போது இடுப்பில் வலி என்று என்றைக்காவது சொன்னால் இரண்டு வாரம்கூடப் பார்த்துக்கொண்டிருக்காமல் காட்டுங்கள், அங்கேயும் முதுகெலும்பில் நுண்ணிய விரிசல் விழுவதுண்டு.

மணிக் கணக்கையும் பாருங்கள். வாரத்துக்கு 18 மணி நேரம் ஆகிறது. பிள்ளைக்கு எத்தனை வயசோ அத்தனை மணி நேரத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்று விளையாட்டு மருத்துவத்தில் ஒரு பொது அளவு சொல்வார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் கூடங்களில் இதை யாரும் மதிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் ஒன்பது வயசுக்குப் பதினெட்டு என்பது சரியாக இரண்டு மடங்கு. ஆறு நாளை நாலாக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி சாப்பாடு. இதில் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஐந்திலிருந்து எட்டு மணி வரை குதித்துவிட்டு, அப்புறம் ஈரோட்டிலிருந்து கோபிக்கு பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வருகிற குழந்தைக்கு ஒரு டம்ளர் பாலா? அடிபட்ட தசையும் எலும்பும் தேறுவது அந்த ராத்திரியில்தான். தட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் எதை வைத்துத் தேறும்? வளருகிற பிள்ளை எடை ஏறத்தான் வேண்டும், ஏறாமல் நின்றால்தான் நான் கவலைப்படுவேன். கிறிஸ்டி ஹென்ரிச் என்று ஒரு அமெரிக்க ஜிம்னாஸ்ட். நல்ல திறமைசாலி, உலகப் போட்டி வரை போனவர். எடை கூடுதல் என்று ஒரு நடுவர் சொன்னதிலிருந்து சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்து, அது நோயாகவே முற்றி, 1994-ல் 22 வயசில் இறந்துபோனார். உங்கள் மாஸ்டர் அப்படிப்பட்ட மனசோடு சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு அவர் மாஸ்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் பத்து வயசுப் பெண் குழந்தையின் காதில் ‘குண்டு’ என்ற வார்த்தை விழுந்துவிட்டால் அதைத் திரும்ப எடுப்பது ரொம்பக் கஷ்டம். கூடத்தில் மற்ற பிள்ளைகள் முன்னால் எடை பார்க்கிற வழக்கம் இருந்தால் என் பிள்ளைக்கு வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.

என்ன கொடுக்கலாம்? நம் வீட்டில் இருப்பதே போதும். பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஏறுவதற்கு முன்னால் வாழைப்பழமும் ஒரு கை வறுத்த நிலக்கடலையும், இல்லையென்றால் எள்ளுருண்டை. ராத்திரி வந்ததும் சூடாக அரிசியும் பருப்புச் சாதம், மேலே ஒரு கரண்டி நெய், கூட ஒரு முட்டை. காலையில் ராகிக் களியோ கம்பஞ்சோறோ தயிரோடு. வாரத்தில் ஒரு நாள் கொள்ளுப் பருப்பு, கீரை எப்போதும். பயிற்சி முழுக்கக் கூரைக்குக் கீழே என்பதால் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஓடி விளையாடட்டும். டப்பாவில் விற்கிற புரோட்டீன் பவுடர், ‘எனர்ஜி’ மாத்திரை எதையும் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். நம் நாட்டு ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகருக்கு நடந்ததைப் பாருங்கள். உடம்பில் ஹைஜெனமைன் என்ற தடை செய்யப்பட்ட பொருள் இருந்ததாகப் பரிசோதனையில் வந்து 21 மாதத் தடை. தெரியாமல் உட்கொண்டுவிட்டேன், எதிலிருந்து வந்தது என்றே தெரியவில்லை என்றார். அந்த உயரத்தில் இருப்பவருக்கே இந்தக் கதி.

மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள். பாப்பாவின் அப்பத்தா பாதி சரி, பாதி தப்பு. ஜிம்னாஸ்டிக்ஸ் செய்வதால் வளர்த்தி நிற்பதாக நிரூபணம் இல்லை. டிவியில் பார்க்கிறவர்கள் குள்ளமாக இருப்பதற்குக் காரணம், குள்ளமான உடம்புக்குச் சுழலுவது சுலபம், அதனால் அப்படிப்பட்டவர்கள்தான் இந்த விளையாட்டில் நிலைக்கிறார்கள். பைல்ஸ் நாலடி எட்டு அங்குலம்தான். ஆனால் ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்கினா கிட்டத்தட்ட ஐந்தடி ஐந்து அங்குலம், அந்த உயரத்தோடு 1996, 2000 இரண்டு ஒலிம்பிக்கிலும் அன்ஈவன் பார்ஸ் என்கிற ஏற்ற இறக்கமான இரட்டைக் கம்பியில் தங்கம் வாங்கினார். வயசுக்கு வருவது இந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் போகிறது, அது உண்மை. அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு, ஆனால் சாப்பாடு குறைந்தால் நிச்சயம் தள்ளும், எலும்பும் கூடவே பலவீனமாகும். ஆகவே அப்பத்தாவுக்குத் தெரட்டிச் சீர் கவலை இருந்தால் சண்டையை ஜிம்னாஸ்டிக்ஸோடு போட வேண்டாம், அந்த ஒரு டம்ளர் பாலோடு போடட்டும். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை சுவரில் நிறுத்தி உயரத்தைக் குறித்து வையுங்கள். இந்த வயசில் வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளருவார்கள், நாலுக்குக் கீழே போனால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். பதின்மூன்று முடிந்தும் மார்பு வளர்ச்சியே ஆரம்பிக்காவிட்டாலோ, பதினைந்து வரை வயசுக்கு வராவிட்டாலோ அப்போதும் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் கவலைப்பட ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதற்குத்தான் நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘வயசு போயிரும்’ என்ற பயம்தான் இந்த விளையாட்டில் மற்ற எல்லாத் தப்பையும் செய்ய வைக்கிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். 1976-ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி 14 வயசில் பத்துக்குப் பத்து வாங்கினார். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் அதுவரை யாரும் வாங்காதது. பலகையில் 10.00 காட்ட இடமில்லாமல் 1.00 என்று வந்தது. அன்றிலிருந்து இது குழந்தைகளின் விளையாட்டு என்று உலகமே நம்பிவிட்டது. ஆனால் விதி மாறி வெகுநாளாகிறது. 1997-லிருந்து அந்த வருஷத்தில் 16 வயசு நிறைகிறவர்கள்தான் ஒலிம்பிக் மாதிரியான பெரியவர்கள் போட்டியில் இறங்க முடியும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சீனப் பெண்கள் அணி வாங்கிய வெண்கலத்தை, அணியில் ஒருவருக்கு வயசு குறைவு என்று 2010-ல் பிடுங்கி அமெரிக்காவுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பத்துக்குப் பத்தும் 2006-லிருந்து கிடையாது, செய்கிற வித்தையின் கஷ்டத்துக்குத் தனியாக, செய்த நேர்த்திக்குத் தனியாக என்று மதிப்பெண் வந்துவிட்டது. கஷ்டத்துக்கு மதிப்பெண் என்றால் அதைத் தாங்க வளர்ந்த உடம்பும் பலமும் வேண்டும்.

அதனால்தான் இப்போதைய ஜெயிப்புக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பாப்பாவுக்குப் பிடித்த பைல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்ற அம்மாவால் பார்த்துக்கொள்ள முடியாமல் போனதால், அவரைத் தத்தெடுத்து வளர்த்தது அம்மா வழித் தாத்தா, நம் பேச்சில் அப்பச்சி. ஆறு வயசில் எல்லாக் குழந்தைகளோடும் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தைப் பார்க்கப் போனதுதான் ஆரம்பம். 2011-ல் 14 வயசு, அமெரிக்க ஜூனியர் தேசிய அணியில்கூட இடம் கிடைக்கவில்லை. இரண்டே வருஷத்தில், 16 வயசில், உலகச் சாம்பியன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நாலு தங்கம். அடுத்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி இறுதிப் போட்டிக்கு நடுவே, காற்றில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வே தப்பிப்போகிறது, இப்படியே குதித்தால் கழுத்து முறியும் என்று விலகிக்கொண்டார். உலகமே பேசியது, பாதிப் பேர் திட்டினார்கள். அப்புறம் 2024 பாரிஸில், 27 வயசில், திரும்பி வந்து மூன்று தங்கம். எல்லாக் கருவிகளின் மதிப்பெண்ணையும் கூட்டிப் பார்க்கிற ஆல்ரவுண்டில், பெண்களில் 72 வருஷத்தில் அவ்வளவு மூத்த சாம்பியன் கிடையாது. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா கதை இன்னும் ஆச்சரியம். மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, வைத்தியத்துக்காக ஜெர்மனி போய், அந்த நாட்டுக்காகவே 2008 ஒலிம்பிக்கில் 33 வயசில் வால்ட்டில் வெள்ளி வாங்கி, 46 வயசில் டோக்கியோவில் எட்டாவது ஒலிம்பிக் ஆடினார்.

நம் நாட்டுக்கு வந்தால் தீபா கர்மாகர், திரிபுராவின் அகர்தலா. அப்பா பளு தூக்கும் பயிற்சியாளர். தட்டைப் பாதத்தோடு பிறந்தவர், அது குதிக்கிற விளையாட்டுக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பது கால் டாக்டர்களைக் கேட்டால் தெரியும். ஆறு வயசில் ஆரம்பித்தவர், அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த புரொடுனோவா வால்ட்டைப் போட்டியில் போட்டது இருபது வயசை ஒட்டித்தான். கைகளை ஊன்றி எழும்பி முன்பக்கமாக இரண்டு முழுக் கரணம் அடித்து இறங்குவது, ஒரு தப்பு நடந்தால் கழுத்து போய்விடும். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெண்கலம். 2016 ரியோவில் 15.066, வெறும் 0.150-ல் வெண்கலம் போனது, நாலாவது இடம். முழங்காலில் தசைநார் கிழிந்து ஆபரேஷன். 2018-ல் துருக்கியில் நடந்த உலக சேலஞ்ச் கோப்பையில் தங்கம். நடுவில் அந்தத் தடை. அதற்கும் பிறகு 2024-ல் தாஷ்கெண்டில் ஆசியச் சாம்பியன்ஷிப் தங்கம் வாங்கிவிட்டு, 31 வயசில் ஓய்வு. பிஷ்வேஷ்வர் நந்தி என்ற ஒரே பயிற்சியாளர் அந்த நீண்ட காலம் முழுக்கக் கூட இருந்தார். அவர் ஒன்பது வயசிலேயே புரொடுனோவா போட வைத்திருந்தால் நமக்கு இன்றைக்கு தீபா என்ற பெயரே தெரிந்திருக்காது. மஞ்சளை ஆறாம் மாசமே வெட்டி மண்டிக்குக் கொண்டு வந்தால் என்ன விலை கிடைக்கும் என்று உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பெயர் இருக்கிறது, சொல்லவேண்டாம் என்று பார்த்தேன், சொல்லிவிடுகிறேன். சோவியத் நாட்டின் எலெனா முகினா, 1978 உலகச் சாம்பியன். கால் முறிந்து முழுசாகத் தேறாத நிலையில் மாஸ்கோ ஒலிம்பிக்குக்காக விரட்டப்பட்டு, 1980 ஜூலையில், போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மின்ஸ்க் பயிற்சியில் ஒரு ஆபத்தான கரணத்தில் கழுத்தெலும்பு முறிந்தது. அப்போது 20 வயசு. 2006-ல் இறக்கும்வரை எழுந்து நடக்கவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை என்பது சுற்றியிருந்த எல்லோருக்கும் தெரிந்தேதான் இருந்தது.

ஆகவே ஹாஸ்டல் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்பது வயசில் வலிக்கிறது என்று சொல்ல அம்மா பக்கத்தில் வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்றில் பாப்பாவே ஆசைப்பட்டு, தேர்வில் தேறி, அரசு விளையாட்டு விடுதியோ நல்ல அகாடமியோ கிடைத்தால் அப்போது யோசிக்கலாம். பள்ளிக்கூடத்தை விடவே கூடாது. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, உண்மைதான், ஆனால் அதற்கும் கல்வித் தகுதி கேட்பார்கள்.

இன்னொன்று, இதை எல்லா அம்மாக்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டராக இருந்த லாரி நாசர், வைத்தியம் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான பெண் பிள்ளைகளிடம் அத்துமீறி, 2018-ல் ஆயுள் முழுக்கச் சிறைக்குப் போனான். பைல்ஸும் அவனால் பாதிக்கப்பட்டவர், 2021-ல் செனட் விசாரணையில் வந்து சாட்சி சொன்னார். இந்த விளையாட்டில் மாஸ்டர் தொட்டுத் தாங்கித்தான் சொல்லித்தர முடியும், அதில் தப்பில்லை. ஆனால் பெற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்கிற கூடத்தில் ஒரு நாள்கூடப் பிள்ளையை விடாதீர்கள். மசாஜ், வைத்தியம் என்று யாரும் தனி அறைக்குக் கூட்டிப்போகக் கூடாது. டாக்டரானாலும் நீங்கள் அறையில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், நான் அப்படித்தான் பார்க்கிறேன். எங்கே தொட்டால் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பாப்பாவுக்கு வெட்கப்படாமல் சொல்லிக்கொடுங்கள். குழந்தைகள் உதவிக்கான 1098 நம்பரையும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.

மாஸ்டரை மாற்றுவதா? உடனே வேண்டாம். எக்ஸ்ரேயையும் டாக்டர் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு நீங்களும் வீட்டுக்காரரும் சேர்ந்து போய்ப் பேசுங்கள், மரியாதையாகவே பேசுங்கள். கை ஊன்றக் கூடாது, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்த மாட்டோம், வாரம் நாலு நாள்தான். இந்த மூன்றையும் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். சரிங்கம்மா, அதற்குத் தகுந்த மாதிரி செய்யலாம் என்றால் நல்ல ஆள், அங்கேயே இருங்கள். இப்படியெல்லாம் பார்த்தால் சாம்பியன் ஆக முடியாது என்றால், பைல்ஸ் டோக்கியோவில் என்ன செய்தார் என்று பாப்பாவையே விட்டு அவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் வேறு கூடம் தேடுங்கள். போகிற இடத்தில் மேட் கிழியாமல் இருக்கிறதா, குதித்து விழ ஃபோம் பள்ளம் இருக்கிறதா, ஒரு மாஸ்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கிற கோப்பைகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கடைசியாக மாவட்டப் போட்டி. இந்த முறை ஆட வேண்டாம். எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் ஒன்றரை மாச வலிக்கு ஒரு மாசத்தில் வால்ட் போட முடியாது. அழுவாள், நன்றாகவே அழுவாள். ஆனாலும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வையுங்கள், கூடப் பழகுகிற பிள்ளைகளுக்குக் கைதட்டட்டும், மாவட்டப் போட்டி அடுத்த வருஷமும் நடக்கும். வலி இல்லாமல் இரண்டு வாரம் போன பிறகு முதலில் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அப்புறம் தரையில் முழங்கால் போட்டுத் தண்டால், அதற்கப்புறம்தான் ஹேண்ட்ஸ்டாண்ட். ஒவ்வொரு படியிலும் மறுநாள் காலையில் வலிக்கிறதா என்று கேளுங்கள், வலித்தால் ஒரு படி கீழே. எக்ஸ்ரே ரிப்போர்ட் வந்ததும், உயரம், எடை, பாப்பா ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறாள் என்பதை எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.